எலுமிச்சை, ஏணி, கம்பளி

டாக்டரம்மா இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் வத்சலா அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எலுமிச்சை, ஏணி, கம்பளி" என்று மூன்றையும் சொல்லிவிட்டார்.

கேட்கவே இல்லை அக்கா. கேள்வி வருவதற்கு முன்னால் பதில் வந்துவிட்டது.

டாக்டரம்மா தன் தாளைப் பார்த்தார். தாளில் அதே மூன்று வார்த்தை, அதே வரிசையில். பிறகு வத்சலா அம்மாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இப்படி நடுவில் ஆரம்பித்தால் உங்களுக்குப் புரியாது. சரி, வரிசையாகவே சொல்கிறேன். பஸ் அங்கே போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்.

நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, பக்கத்து சீட்டில் இருந்தால் விழத்தான் செய்யும். பொன்னந்தி வளாகம், பதினாலாம் நம்பர் வில்லா, அம்மாவுக்காகப் பார்க்கப் போகிறேன் என்றீர்கள். அதனால்தான் பேசுகிறேன். அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. காற்று வரும், வெயில் வரும், குளியலறையில் வழுக்காத கல். காலியானதற்குக் காரணம் வீடு இல்லை, நான்.

நான் அங்கேதான் வேலை செய்கிறேன். பேர் மிதுன். பேட்டரி வண்டி ஓட்டினேன். ஓட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும், எட்டு நாளாகத் துணி துவைக்கும் இடத்தில் இருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கையில் இருக்கும் அந்த முதியோர் வளாகத்து விளம்பரப் புத்தகத்தில் மூன்று பகுதி என்று போட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பேர். அங்கே இருப்பவர்கள் யாரும் அந்தப் பூப்பேரைச் சொல்வதில்லை. முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு என்பார்கள். முன்கட்டு என்றால் வில்லா, தானே சமைக்கலாம், தானே பூட்டலாம், தானே திறக்கலாம். நடுக்கட்டில் குளிப்பாட்ட, மாத்திரை கொடுக்க ஆள் இருக்கும். பின்கட்டு மறதிக்காரர்களுக்கு. அதன் கதவு நம்பர் அழுத்தினால்தான் திறக்கும், அந்த நம்பர் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

புத்தகத்தில் போட்டிருப்பதெல்லாம் நிஜம்தான், அதில் பொய் இல்லை. கழிப்பறையில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் மூன்று நிமிடத்தில் ஆள் வரும், நானே ஓடியிருக்கிறேன். சாப்பாடு நேரத்துக்கு வரும். சாம்பார் மட்டும் சப்பென்று இருக்கும், எல்லாருக்கும் ரத்த அழுத்தம் என்று உப்பே போட மாட்டார்கள். இதை நான் சமையல்காரரிடமே சொல்லியிருக்கிறேன். நான் மூஞ்சிக்கு நேராகப் பேசுகிறவன். பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை, ஆடி முடிந்ததும் பரீட்சை வரும். அவர்கள் வைத்த பேர் வேறு, ஆனால் அங்கே எல்லாரும் பரீட்சை என்றுதான் சொல்வார்கள். ஒரு வாரம் டாக்டரம்மா வந்து உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். மூன்று வார்த்தை சொல்வார். திருப்பிச் சொல்லச் சொல்வார். இன்றைக்கு என்ன கிழமை, கடிகாரம் வரையுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று ஐந்து நிமிடம் போகும். அப்புறம், முதலில் சொன்ன மூன்று வார்த்தை என்ன என்று கேட்பார். அதுதான் முக்கியமான கேள்வி. யார் எந்தக் கட்டில் இருப்பது என்பதே அதை வைத்துத்தான்.

பெரிய பெரிய ஆட்கள் அக்கா. பாங்கியில் மேனேஜராக இருந்தவர், காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். எல்லாரும் சாப்பாட்டுக்கூடத்தில் முதல் நாள் போய்விட்டு வந்தவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, என்ன வந்தது, என்ன வந்தது என்று கேட்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து வாசல் மாதிரியே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், போய்விட்டு வந்த யாருக்கும் அந்த மூன்று வார்த்தை ஞாபகம் இருக்காது. ஒருவர் எலுமிச்சை என்பார், இன்னொருவர் இல்லை, நெல்லிக்காய் என்று சண்டைக்கு வருவார். கேள்வித்தாள் வெளியே போகாத பரீட்சை தமிழ்நாட்டிலேயே அது ஒன்றுதான்.

எனக்குத் தெரியும். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, முடியும்வரை மூலையில் இருந்து, திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை. முதல் நாளே ஆறு தடவை கேட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க ஒரே தாள்.

இனி பதினாலாம் நம்பர். அதில் இரண்டு பேர். வத்சலா அம்மா, ரோஸ்லின் அம்மா. சொந்தம் கிடையாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவர்கள். வத்சலா அம்மா கல்யாணமே செய்துகொள்ளவில்லை, ரோஸ்லின் அம்மா வீட்டுக்காரர் போய் ரொம்ப நாளாகிறது. இருவரும் சேர்ந்து அந்த வீட்டுக்கு வந்தார்கள். ரோஸ்லின் அம்மாவுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. வத்சலா அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் சிலது நழுவும். அவர் அடுப்பில் பாலை வைத்தால், ரோஸ்லின் அம்மா உள்ளே இருந்தபடியே வாசனை பிடித்து "வத்சி, பால்" என்பார். இவருக்கு வந்த கடிதத்தை அவர் படித்துக் காட்டுவார், யார் எழுதியது என்பதை இவர் ஞாபகம் வைத்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முழு ஆள். அப்படி அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனி மாதம் ரோஸ்லின் அம்மா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாளில் பால் பொங்கி, பாத்திரம் கருகி, புகைக்கு அலாரம் அடித்துவிட்டது. வாசனை பிடிக்க ஆள் இல்லை. ஆபீஸில் கூப்பிட்டு, இந்த வருஷம் பரீட்சை சரியாக வரவில்லை என்றால் பின்கட்டுக்கு மாற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மாறினால் ரோஸ்லின் அம்மாவையும் வீட்டில் தனியாக விட மாட்டார்கள். நடுக்கட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு பேப்பரில் இரண்டு பேர் பாஸ், இல்லையென்றால் இரண்டு பேரும் பெயில்.

முதல் நாள் பரீட்சை முடிந்த திங்கட்கிழமை மாலை, வண்டியில் ஏறியதும் வத்சலா அம்மா என்னிடம் அந்த வார்த்தைகளைக் கேட்டார். சுற்றி வளைக்கவில்லை. உனக்குத் தெரியுமாமே, சொல்லு என்றார்.

நான் முடியாது என்றேன். மூஞ்சிக்கு நேராகவே சொன்னேன், இது காப்பி அடிக்கிறதுங்கம்மா, நான் அதில் பட்டவன் என்று.

பட்டவன்தான். ப்ளஸ் டூ வேதியியல் பரீட்சையில் பறக்கும் படை வந்தது. எனக்கும் முன் பெஞ்சு பிரவீனுக்கும் நடுவில் தரையில் ஒரு பிட் கிடந்தது. இரண்டு பேரும் பார்த்து எழுதிய பிட். யாருடையது என்று சார் கேட்டார். உண்மையைச் சொல்லிவிட்டால் ஒன்றும் ஆகாது, எனக்குத் தெரிந்தால் போதும் என்றார். பிரவீன் இல்லை சார் என்றான். நான் ஆமா சார், என்னுது என்றேன். அந்த ஒரு ஆமாவோடு என் படிப்பு முடிந்தது. பிரவீன் இப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். போன வாரம் இதே பஸ்ஸில் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு வந்தான். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருப்பான், அது வேறு விஷயம்.

இதை அவரிடம் சொன்னேன். வத்சலா அம்மா கேட்டுக்கொண்டு, நீ தோற்றால் ஒரு வருஷம் போகும் கண்ணு, நான் தோற்றால் ரோசுவுக்குப் பால் யார் காய்ச்சுவது என்றார். பின் சீட்டில் இருந்த ரோஸ்லின் அம்மா, அவனைத் தொந்தரவு பண்ணாதே வத்சி என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் கவனித்தேன்.

நான் சொல்லிக்கொடுத்தேன். பாவம் பார்த்துத்தான் சொன்னேன் என்று எல்லாரிடமும் சொல்லலாம். உங்களிடம் எதற்கு. எனக்குப் பெருமையாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பரீட்சைக்குக் கேள்வி தெரிந்த ஆள் நான்.

வில்லாவிலிருந்து சாப்பாட்டுக்கூடத்துக்கு வண்டியில் நாலு நிமிடம், மூன்று வேகத்தடை. முதல் தடையில் நான் சொல்வேன். மூன்றாவது தடையில் கேட்பேன். திங்கட்கிழமை ஒன்றுதான் வந்தது. செவ்வாய்க்கிழமை, எக்ஸ்சேஞ்சில் நம்பரை எப்படி ஞாபகம் வைத்தோமோ அப்படி வைக்கிறேன் என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "எலுமிச்சையிலேருந்து ஏணிக்கு ட்ரங்க் கால், பேசுறது கம்பளி" என்று குரலை மாற்றி, அந்தக் காலத்து ஆபரேட்டர் மாதிரி மூக்கால் சொன்னார். ரோஸ்லின் அம்மா பின்னால் இருந்து, மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா என்று அதே குரலில் கேட்டார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவருக்குத் தப்பவில்லை. சாப்பிட்டுவிட்டு வரும்போது கேட்டேன், மறுநாள் காலையில் கேட்டேன், மாலையில் திடீரென்று கேட்டேன். மூன்றும் வந்தது.

வியாழக்கிழமை பரீட்சை. போகும் வழியில் வத்சலா அம்மா என் தோளைத் தொட்டார். உள்ளே போனதும் மறந்துவிட்டால் என்ன செய்வது என்றார். நான் பெரிய மனிதன் மாதிரி ஒரு யோசனை சொன்னேன். நாங்கள் பரீட்சையில் என்ன செய்வோம் தெரியுமா, கேள்வித்தாளைப் படிக்கவே மாட்டோம், பேப்பர் கைக்கு வந்த உடனே படித்த பார்முலாவையெல்லாம் முதல் பக்கத்தில் கொட்டிவிடுவோம், மறப்பதற்குள் கொட்டிவிட வேண்டும் என்றேன்.

அவர் கொட்டிவிட்டார்.

நான் சொன்னபடியே செய்தார். அந்த அறையில் நான் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் கேட்டது அவர் ஒருவர்தான்.

டாக்டரம்மா கோபக்காரர் இல்லை. நல்லவர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். வத்சலா அம்மாவுக்கு மறைக்கத் தோன்றவில்லை. பரீட்சை எழுதியாகிவிட்டது, இனி என்ன என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே, "தம்பிதான் சொல்லிக்குடுத்தான், வண்டியில வரும்போது" என்றார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "சொன்னியா மிதுன்? சொல்லியிருந்தா ஒண்ணும் ஆகாது. எனக்குத் தெரிஞ்சா போதும்."

அதே வார்த்தை அக்கா. அந்த சார் சொன்ன அதே வார்த்தை. எனக்குத் தெரிஞ்சா போதும்.

"இல்லைங்க மேடம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. ஆனால் சொன்ன பிறகு மாற்றிக்கொள்ள நேரம் இருந்தது. நிறைய நேரம் இருந்தது. டாக்டரம்மா உடனே எழுதவில்லை, காத்திருந்தார்.

வத்சலா அம்மா என்னைப் பார்த்தார். என் மேல் கோபப்படுவார், டேய் பொய் சொல்லாதே என்பார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால்கூட நான் ஒத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. அவர் முகத்தில் கோபமே இல்லை. பயம்தான் வந்தது.

"சொல்லலையா கண்ணு?"

"இல்லைங்கம்மா."

"அப்ப நானாத்தான் நினைச்சுக்கிட்டேனா" என்றார். என்னிடம் கேட்கவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னார்.

டாக்டரம்மா வேறு ஒரு தாளை எடுத்தார். வேறு மூன்று வார்த்தை. அது என்னவென்று எனக்கே ஞாபகம் இல்லை. கிழமை கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். வத்சலா அம்மா கடிகாரத்தில் ஒன்பது வரை எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது புது வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. எலுமிச்சை என்று ஆரம்பித்து, அது தப்பு என்று தானே நிறுத்திக்கொண்டார்.

டாக்டரம்மா எழுதிய பைலை ஆபீஸுக்கு எடுத்துப் போனது நான். திறந்து பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தது, ப்ளஸ் டூ வரை படித்த ஆங்கிலம் அதற்குப் போதும். நடக்காததை நடந்ததாக உறுதியுடன் சொல்கிறார், பணியாளர் மேல் ஏற்றிச் சொல்கிறார் என்று இருந்தது. மூன்று வார்த்தை முன்கூட்டி எப்படித் தெரிந்தது என்பதற்கு, போய்விட்டு வந்தவர்கள் பேசியது காதில் விழுந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது. போய்விட்டு வந்தவர்களுக்கு ஞாபகம் இருந்தால் அல்லவா காதில் விழுவதற்கு. டாக்டரம்மாவுக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. பைலை மூடி மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வெளியே வண்டியில் ரோஸ்லின் அம்மா காத்திருந்தார். வத்சலா அம்மா ஏறி உட்கார்ந்து, ரோசு, தம்பி எனக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லையாம்டி என்றார். ரோஸ்லின் அம்மா தலையை என் பக்கம் திருப்பினார். கண் தெரியாதவர்தான், ஆனால் என் முதுகைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. சொன்னான் வத்சி, நாலு நாளும் சொன்னான், நான் கேட்டேன் என்றார். அதற்கு வத்சலா அம்மா, நீ எனக்காகச் சொல்கிறாய் என்றார்.

அதுதான் அக்கா அதில் உள்ள சிக்கல். ரோஸ்லின் அம்மா ஆபீஸுக்கும் போய்ச் சொன்னார். சிநேகிதிக்காகப் பேசுகிறார் என்று அங்கேயும் அதையேதான் நினைத்தார்கள். நாற்பது வருஷ சிநேகிதம், வேறு எப்படிப் பேசுவார் என்று. அவர் சொன்னதற்கு மதிப்பு இல்லாமல் போனது அவர் நல்ல சிநேகிதியாக இருந்ததனால்தான். நான் சொன்னதற்கு மதிப்பு இருந்தது, ஏனென்றால் நான் மூஞ்சிக்கு நேராகப் பேசுகிறவன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

வத்சலா அம்மாவின் தம்பி மகன் புனேயில் இருக்கிறார். போனிலேயே சரி என்றுவிட்டார். அடுத்த புதன்கிழமை சாமான் மாற்றினோம். பின்கட்டுக்கு ஒரு பெட்டி, நடுக்கட்டுக்கு ஒரு பெட்டி. பால் பாத்திரம் எந்தப் பெட்டியில் என்று கேட்டார்கள். இரண்டு இடத்திலும் அடுப்பு கிடையாது. வீட்டிலேயே விட்டுவிட்டோம். இன்னும் மேல் தட்டில் இருக்கும், பார்த்தால் தெரியும், அடியில் கருகிய கறை இருக்கும்.

அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு ரோஸ்லின் அம்மாவை நடுக்கட்டிலிருந்து பின்கட்டுக்கு நான்தான் கூட்டிப் போனேன். ஒரு வார்த்தை பேச மாட்டார். வேகத்தடை வரும்போது மட்டும் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் இறங்கும்போது தானாகச் சொன்னார். எக்ஸ்சேஞ்சில் தப்பாக லைன் கொடுத்துவிட்டால் மேலதிகாரி கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க மாட்டோம், நாங்களே நடுவில் புகுந்து, மன்னிக்கணும், தப்பு நம்பர் என்று சொல்லிவிடுவோம் என்றார். அவ்வளவுதான். வண்டிக்குச் சார்ஜ் குறைவாக இருந்தது, போட வேண்டும் என்று வந்துவிட்டேன்.

பின்கட்டு வாசலில் எப்போதும் ஒரு பணிப்பெண் நின்று அவரை உள்ளே அழைத்துக்கொள்வார். பத்து நாளைக்கு முன்னால் அவர் இல்லை. யாரோ உள்ளே கீழே விழுந்துவிட்டார்கள் என்று ஓடியிருந்தார். நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போக வேண்டியதாகிவிட்டது. சாமான் மாற்றிய பிறகு வத்சலா அம்மாவை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன்.

ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலை பின்னி விட்டிருந்தார்கள், அவருக்குப் பின்னல் போடும் பழக்கமே கிடையாது, கொண்டைதான். என்னை உடனே தெரிந்துகொண்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார். ரோஸ்லின் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நான் திரும்பும்போது, சட்டையைப் பிடித்து இழுத்து ஜன்னல் ஓரமாகக் கூட்டிப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எலுமிச்சை, ஏணி, கம்பளி" என்றார். "இது போக மாட்டேங்குது கண்ணு. காலையில எழுந்தா இருக்கு. என்ன சாப்பிட்டேன்னு கேட்டா தெரியலை, இது மட்டும் இருக்கு. இது எங்கிருந்து வந்துச்சு?"

நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

"நீ சொன்னியா இல்லையான்னு எனக்கு மட்டும் சொல்லு. டாக்டர்கிட்ட வேண்டாம், ஆபீஸ்ல வேண்டாம். எனக்கு வீடு திரும்பி வேணாம், அதுல இப்ப யாரோ வரப்போறாங்களாம். ரோசு சொல்றா, ஆனா அவ எனக்காகச் சொல்லுவா. முப்பத்தொரு வருஷம் இந்தக் காதுல எத்தனையோ ரகசியம் விழுந்திருக்கு, ஒண்ணு வெளியே போனதில்லை. இதுவும் போகாது."

எதற்கு அது தெரிய வேண்டும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என் தலைக்குள்ள எது நடந்தது, எது நானாக் கட்டினதுன்னு பிரிக்க முடியலை. இது ஒண்ணு நிஜம்னு தெரிஞ்சா, மத்ததை அதுகூட வெச்சுப் பார்த்துக்குவேன். ஒரு அளவு வேணும்ல. இப்ப எங்கம்மா செத்ததுகூட நிஜமான்னு சந்தேகமா இருக்கு."

அப்போது பணிப்பெண் வந்துவிட்டார். வத்சலா அம்மா சட்டையை விட்டார். நாளை நாலு மணிக்கு வா, இவளை வாசலில் விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நில், கதவுக்குள் வரக்கூட வேண்டாம் என்றார். "ஆமான்னா ஆமான்னு சொல்லு. ஒரு வார்த்தைதான். சொல்லிட்டுப் போயிரு."

சரிங்கம்மா என்றேன். நிஜமாகவே சொல்வதாகத்தான் இருந்தேன். ராத்திரி சாப்பிடும்போதுகூட இருந்தேன்.

மறுநாள் வாரவிடுமுறை போட்டுவிட்டேன். அதற்கு மறுநாள் காலை ஆபீஸில் போய், துணி துவைக்கும் இடத்தில் ஆள் குறைவாக இருக்கிறதாமே, நான் போகிறேன் என்றேன். ஆள் குறைவுதான், அது பொய் இல்லை. வண்டியை இப்போது இன்னொரு அண்ணன் ஓட்டுகிறார். உங்களைக் கூட்டிப் போவதும் அவராகத்தான் இருக்கும். வாசலில் இறங்கியதும் நீங்கள் அந்தப் பக்கம் போங்கள், நான் பின்வழியாகப் போய்க்கொள்கிறேன்.

துணி காயப்போடும் இடம் பின்கட்டுக்கு நேர் எதிரே. அங்கே போய்த்தான் அது தெரிந்தது. நாலு மணிக்கு அந்த ஜன்னலில் ஆள் நிற்பது கொடியிலிருந்து தெரியும். அதனால் பெரிய படுக்கை விரிப்புகளை அந்தப் பக்கத்துக் கொடியில் போடுகிறேன், தலையணை உறைகளை இந்தப் பக்கத்தில். பெரியதை வெயில் படும் பக்கம் போட்டால்தான் காயும், அது முறை. ஆனால் வெயில் இந்தப் பக்கம்தான் படுகிறது. ஏன் ஈரமாகவே வருகிறது என்று நேற்றுக் கேட்டார்கள்.

என்ன கேட்டீர்கள்? கண்டக்டர் விசில் அடித்ததில் கேட்கவில்லை.

ஆமா. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நாலு நாளும்.

உங்களிடம் வந்துவிட்டது பாருங்கள், ஒரு நொடிகூட ஆகவில்லை. இதைத்தான் அவர் சொல்லச் சொன்னார். நாலு மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே நின்று, கதவுக்குள்கூட வராமல். சொல்லிவிட்டுப் போய்விடு என்றார். ஒன்பது நாள் நாலு மணி வந்துவிட்டுப் போய்விட்டது. நான் போகவில்லை அக்கா.